நாட்டுப் படகின் உள்பக்கம்: மரத்தைக் கெடுக்கும் தவறுகள்

பழைய மரப்படகு வாங்கப் போகிறவர் வெளிப்பலகையைத் தட்டிப் பார்ப்பார், படகின் முன்முனையான அணியத்தின் வளைவை ரசிப்பார், வண்ணம் புதிதாக இருந்தால் மகிழ்ந்துபோவார். உள்ளே இறங்கித் தரைப்பலகையைத் தூக்கிப் பார்ப்பவர்கள் குறைவு. படகு கெடத் தொடங்குவது பெரும்பாலும் அங்கேதான். அடியில் நீளவாட்டில் ஓடும் கட்டைக்கு ஏரா என்று பெயர். அதிலிருந்து விலா எலும்புகள்போல எழுபவை வங்குகள். வங்கின் கால் ஏராவில் உட்காரும் மூலையில் வெளிச்சமும் இல்லை, காற்றும் இல்லை. கத்தி முனையை அங்கே வைத்து அழுத்திப் பாருங்கள். நல்ல மரம் முனையை மேலேயே நிறுத்திவிடும். உளுத்த மரத்தில் வெந்த கிழங்கில் இறங்குவதுபோல் கத்தி சத்தமில்லாமல் இறங்கும்.

இதற்கு முதல் காரணம் கடல்நீர் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அதனால் கரை சேர்ந்ததும் உப்புப் போகட்டும் என்று குழாய்த் தண்ணீரை விட்டுக் கழுவுகிறார்கள். எஞ்சினுக்கு அது நல்லது, மரத்துக்கு நேர்மாறு. மரத்தை மட்கச் செய்வது பூஞ்சணம். மரத்தின் ஈரம் ஏறக்குறைய 20 விழுக்காட்டைத் தாண்டினால் அதற்குக் கொண்டாட்டம். உப்பேறிய மரத்தில் அது எளிதில் வேர்விடாது. ஆகவே உள்பக்கத்தைக் கடல்நீராலேயே கழுவி, இறைத்து, காற்றாட விடுவதே சரி. மழைநாளில் கரையேற்றிய படகை மூடாமல் போட்டுவைப்பது அதைவிடப் பெரிய தவறு. ஒரு பருவமழை உள்ளே தேங்கி நின்றால் போதும், பல ஆண்டு கடலில் உழைத்து வராத கேடு வந்துவிடும்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று ஐஸ் பெட்டி. ஐஸ் உருகி வடிவதும் நல்ல தண்ணீர்தானே! அதோடு மீனின் ரத்தமும் செதிலும் சேர்ந்துகொள்கின்றன. பெட்டியின் அடியில் ஒரு துளையைப் போட்டு அந்த நீரைப் படகின் வயிற்றுக்குள்ளேயே விட்டுவிட்டு, பிறகு வாளியால் இறைத்துக்கொள்ளலாம் என்று இருப்பது வழக்கமாகிவிட்டது. குழாய் வைத்து நேரே வெளியே விடுங்கள், அல்லது ஒரு கேனில் பிடியுங்கள். வங்குகளின் அடியில் நீர் ஓட வெட்டியிருக்கும் சிறு வழிகளையும் பாருங்கள். வலைத்துண்டு, மணல், செதில் எல்லாம் அங்கேதான் அடைத்துக்கொள்ளும். அடியைச் சமப்படுத்துகிறேன் என்று சிமென்ட் ஊற்றி அந்த வழிகளையே மூடிவிடுவோரும் உண்டு. சிமென்டுக்கும் மரத்துக்கும் நடுவே ஈரம் காயவே காயாது. உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்கவும் முடியாது.

ஒழுகும் பழைய படகுக்கு மேலே ஃபைபர் பூசுவதும் இதே வகைதான். 2004 சுனாமிக்குப் பிறகு தமிழகக் கரையில் ஃபைபர் படகுகள் பெருகின. அவற்றின் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. மரத்துக்கு ஃபைபர் சட்டை போடுவதைத்தான் சொல்கிறேன். மரம் ஈரத்துக்கு ஏற்ப விரியும், சுருங்கும். ஃபைபர் அப்படிச் செய்யாது. நாளடைவில் ஒட்டு விட்டுப்போகும், இடுக்கில் நீர் புகும், மரம் மூடிய சட்டைக்குள்ளேயே மட்கும்.

இடுக்கு அடைக்கும் கலப்பத்து வேலையில் அவசரம் கூடாது. வெயிலில் பல நாள் கிடந்த படகின் பலகைகள் சுருங்கி, நடுவே வெளிச்சம் தெரியும். பதறிப்போய்ப் பஞ்சையும் நாரையும் உளியால் இறுக அடித்துத் திணித்தால், படகு கடலில் இறங்கியதும் பலகை உப்பி, போக இடமில்லாமல் ஆணியைப் பிடுங்கும், சில நேரம் வங்கையே பிளக்கும். முதலில் கடல்நீரைத் தெளித்து, ஈரச் சாக்கால் போர்த்தி ஓரிரு நாள் விடுங்கள். தானாக மூடிக்கொள்ளாத இடுக்கை மட்டும் அடையுங்கள்.

ஆணியில்லாத படகுகளுக்கு வேறு கணக்கு. சோழமண்டலக் கரையின் மசூலா படகில் வங்கே கிடையாது. பலகைகளைத் தேங்காய் நார்க் கயிற்றால் தைத்திருப்பார்கள். அலை மோதும்போது படகு நெளிந்து கொடுக்கும். இரும்பாணி அடித்த கப்பல் பாறையில் மோதினால் உடையும், கயிற்றால் தைத்தது தாங்கும் என்று 14ஆம் நூற்றாண்டிலேயே மொராக்கோ நாட்டுப் பயணி இபின் பதூதா எழுதிவைத்திருக்கிறார். இப்படிப்பட்ட படகில் அறுந்த தையலுக்கு நைலான் கயிற்றைப் போடுவது தவறு. தேங்காய் நார் ஈரத்தில் உப்பித் துளையை அடைக்கும். நைலானோ நனைந்ததும் நீண்டு தளரும். கட்டுமரத்தையும் கரைக்கு வந்தால் அவிழ்த்துக் காயப்போட வேண்டும். சோம்பலில் கட்டியபடியே விட்டால் கட்டைகள் நீர் குடித்துக் கனத்துவிடும்.

ஆணி அடித்த படகில் செம்பையும் இரும்பையும் அருகருகே கலக்காதீர்கள். உப்புநீரில் இரண்டும் சேர்ந்தால் மின்கலம்போல் ஆகி, இரும்பு கரைந்துபோகும். ஆணியைச் சுற்றி மரம் கறுத்திருந்தால் உள்ளே துரு வேலையைத் தொடங்கிவிட்டது என்று பொருள். தளர்ந்த ஆணியைப் பிடுங்கி, அதே துளையில் அதே அளவு ஆணியை அடிப்பதில் பயனில்லை.

மரத் தேர்வில் ஒன்றே ஒன்று சொல்கிறேன். வங்குக்கு நேர்ப் பலகையை வளைவாக அறுக்கச் சொல்லாதீர்கள். அறுத்த வளைவில் மரத்தின் ரேகை குறுக்கே வெட்டுப்பட்டிருக்கும், அழுத்தம் வந்தால் அங்கேயே முறியும். இயல்பாக வளைந்து வளர்ந்த கிளையைத் தேடுவதே பழைய தச்சர்களின் வழக்கம். வைரம் பாய்ந்த நடுப்பகுதியை மட்டும் எடுங்கள், அதைச் சுற்றியுள்ள மென்மரமான வெளிறு வேண்டாம். கப்பல் புழு துளைத்ததா என்று பார்க்க ஊசிமுனைத் துளைகளைத் தேடுங்கள். பெயர்தான் புழு, உண்மையில் அது சிப்பி இனம். வெளியே தெரியும் துளை சிறிது, உள்ளே மரம் சல்லடையாகியிருக்கும்.

விற்பனைக்கு வந்த படகின் உள்பக்கம் மட்டும் பளபளவென்று புது வண்ணத்தில் இருந்தால் எனக்குச் சந்தேகம் வரும். தரைப்பலகையையும் ஆணி அடித்து மூடியிருந்தால், கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் அடுத்த படகைப் பார்க்கப் போய்விடுங்கள்.