ஸ்பானிஷில் ‘இது யாருடையது?’: மி, து, சு குழப்பம் தீர ஒரு வழி

ஆன்லைனில் ஒரு கொலம்பிய ஆசிரியையிடம் ஸ்பானிஷ் படிக்க ஆரம்பித்த மூன்றாவது வாரம். “எங்க அப்பா ஊரில் இருக்கிறார்” என்று சொல்ல நினைத்து, “நுவெஸ்த்ரோ பாத்ரே” என்று தொடங்கினேன். அவர் கையைக் காட்டி நிறுத்தி, “உங்களுக்குக் கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர்?” என்று கேட்டார். நான் வீட்டுக்கு ஒரே பிள்ளை. நாம் ஒற்றை ஆளாக இருந்தாலும் எங்க அப்பா, எங்க வீடு, எங்க ஊர் என்றுதான் சொல்வோம், ஸ்பானிஷில் அப்படிச் சொன்னால் பங்காளிகள் எங்கே என்று தேடுவார்கள். ஒருத்தர் என்றால் மி பாத்ரே, மி காசா, அவ்வளவுதான். முதலில் என்னவோ தனியாகச் சொந்தம் கொண்டாடுவது போலக் கூச்சமாக இருக்கும், போகப் போகப் பழகிவிடும்.

எல், லா (பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும், ஆங்கில ‘the’ போன்ற சொற்கள்; எல் ஆண்பாலுக்கு, லா பெண்பாலுக்கு), ஒருமை, பன்மை எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். உச்சரிப்புக்காக இங்கே தமிழில் எழுதுகிறேன். ‘தே’ வரும்போது ‘மாதம்’ என்பதில் வரும் தகரம், ‘து’ வரும்போது ‘துணி’யில் வரும் தகரம். நோட்டில் மட்டும் ஸ்பானிஷ் எழுத்திலேயே எழுதுங்கள், ஏன் என்று கீழே வருகிறது.

படி 1: பின்னாலிருந்து படியுங்கள்

‘இன்’, ‘உடைய’ என்று நாம் ஒட்டுவதற்கு ஸ்பானிஷில் தனிச்சொல், தே. ஆனால் வரிசை தலைகீழ். மரியாவின் வீடு என்றால் லா காசா தே மரியா, முதலில் வீடு, அப்புறம் மரியா. நீளமான தொடர் வந்தால் பயப்பட வேண்டாம். ‘என் தோழியின் அண்ணனின் கார்’ என்பதைக் கடைசியிலிருந்து பிரியுங்கள்: கார், அண்ணன், என் தோழி. எல் காரோ தெல் எர்மானோ தே மி அமீகா. ‘மி அமீகா’ மட்டும் நம் வரிசையிலேயே நிற்கிறது பாருங்கள். (ஸ்பெயினில் காருக்குக் கோச்சே என்பார்கள். எனக்குக் காரோதான் பிடித்திருக்கிறது, காரணம் சொல்லத் தேவையில்லை.)

நடுவில் வந்த ‘தெல்’ என்பது தே + எல் சேர்ந்தது. லா வந்தால் சேராது, தே லா என்றே இருக்கும்.

படி 2: நான் விழுந்த பள்ளம்

என் = மி, உன் = து, அவன், அவள், அவர்களுடைய = சு. பன்மையில் மிஸ், துஸ், சுஸ். இதை எல்லாரும் அரை மணி நேரத்தில் மனப்பாடம் செய்துவிடுவார்கள், நானும் செய்தேன். ஆனால் என் மண்டையில் ‘சுஸ்’ என்பதில் ஒரு ‘ஸ்’ இருக்கிறதே, அப்படியானால் அது ‘அவர்களுடைய’ என்று பதிந்துவிட்டது. அவர்களுடைய வீடு என்று சுஸ் காசா, அவளுடைய சாவிகள் என்று சு யாவேஸ். இரண்டுமே தப்பு. ஒரு மாதம் முழுக்கத் திருத்தி வாங்கினேன்.

அந்த ‘ஸ்’ ஆளைச் சேர்ந்தது இல்லை, பொருளைச் சேர்ந்தது. பத்துப் பேர் இருக்கட்டும், வீடு ஒன்று என்றால் சு காசா. ஒருத்திதான், ஆனால் சாவி மூன்று என்றால் சுஸ் யாவேஸ். நான் கண்டுபிடித்த வைத்தியம் இதுதான்: வாக்கியத்தை எழுதிவிட்டு உரிமையாளரை விரலால் மறைத்துவிடுங்கள், மிச்சமிருக்கும் பொருளை மட்டும் பார்த்து முடிவு செய்யுங்கள்.

‘எங்கள்’ என்னும் நுவெஸ்த்ரோவுக்கும் இதே கதை, கூடவே ஆண்பால், பெண்பால். மேசை பெண்பால், அதனால் நுவெஸ்த்ரா மேசா. அலமாரி ஆண்பால், நுவெஸ்த்ரோ அர்மாரியோ. சொல்பவர் ஆணா பெண்ணா என்பதற்கு இங்கே வேலையே இல்லை. மேசை, அலமாரி, சாவி மூன்றும் தமிழுக்குப் போர்ச்சுகீசியம் வழியாக வந்தவை, ஸ்பானிஷ் சொற்கள் அவற்றின் ஒன்றுவிட்ட சகோதரர்கள், அதனால் உதாரணத்துக்கு இவற்றையே எடுத்துக்கொள்கிறேன், மறக்காது. நம்முடைய, எங்களுடைய என்ற பேதமும் அங்கே கிடையாது. கேட்பவரைச் சேர்த்தாலும் விட்டாலும் நுவெஸ்த்ரோதான்.

படி 3: சு யாருடைய சு?

ஒருநாள் ஆசிரியை பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றிப் பேசிக்கொண்டே, “சு காரோ எஸ் முய் போனீத்தோ” என்றார், கார் ரொம்ப அழகு என்று. நான் “கிராசியாஸ்” என்றேன். என்னிடம் இருப்பது ஸ்கூட்டர்.

அவன், அவள், அவர், அது, அவர்கள், மரியாதைக்குரிய நீங்கள், எல்லாருக்கும் ஒரே சு. லத்தீன் அமெரிக்காவில் பல பேரைப் பார்த்து ‘உங்கள்’ என்றாலும் சுதான். ஸ்பெயினில் நெருக்கமானவர்களிடம் மட்டும் அதற்கு புவெஸ்த்ரோ. குழப்பம் வரும் இடத்தில் சுவை விட்டுவிட்டு, படி 1-க்குத் திரும்புங்கள்: எல் காரோ தே எயா, அவளுடைய கார். எல் காரோ தே எல், அவனுடைய கார்.

இங்கேதான் நோட்டு விஷயம். ‘அவன்’ என்னும் எல் மேல் ஒரு சின்னக் கோடு உண்டு, அதைத் தே-யுடன் சேர்க்கவே கூடாது. கோடில்லாத எல் மட்டுமே தெல் ஆகும். காதுக்கு வித்தியாசம் தெரியாது, எழுத்தில் மட்டும் மாட்டிக்கொள்வீர்கள். ‘உன்’ என்னும் துவுக்குக் கோடு கிடையாது, ‘நீ’ என்னும் துவுக்கு உண்டு.

படி 4: தனியாக நிற்கும்போது

தே கியேன் எஸ்? யாருடையது? எஸ் மீயோ, என்னுடையது. சாவிகள் என்றால் சோன் மீயாஸ். துயோ, சுயோவும் இப்படியே மாறும். என் நண்பன் ஒருவன் = உன் அமீகோ மீயோ, இதில் ‘உன்’ என்பது ஒன்று என்று அர்த்தம், நம் உன் இல்லை.

படி 5: இது நமக்குச் சுலபம்

“எனக்குத் தலை வலிக்கிறது” என்கிறோம், “என் தலை” என்று அழுத்திச் சொல்வதில்லை. ஸ்பானிஷும் அப்படியே: மே துவேலே லா கபேசா. மே என்றால் எனக்கு, அப்புறம் வெறும் தலை. ஆங்கிலம் வழியாகப் படிப்பவர்கள் இங்கே மி கபேசா என்று தடுமாறுவார்கள். நீங்கள் ஆங்கிலத்தைக் கூப்பிடாமல் நேராகத் தமிழிலிருந்து போங்கள்.

‘என்னிடம் இருக்கிறது’ மட்டும் கொஞ்சம் வேறு. அதற்கு அங்கே தனி வினைச்சொல், தெனேர். தெங்கோ தோஸ் எர்மானாஸ், எனக்கு இரண்டு சகோதரிகள். பசித்தாலும் தெங்கோ ஆம்ப்ரே, பசியை ‘வைத்திருக்கிறேன்’.

பயிற்சிக்கு அங்கி (Anki) போதும், முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் பதில் என்று அட்டைகளைக் காட்டி மனப்பாடம் செய்யவைக்கும் செயலி அது. கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசம், ஐபோனில்தான் காசு. அட்டவணையை அட்டையில் ஏற்றாதீர்கள், பிரயோஜனமில்லை. முன்பக்கம் ‘அவர்களுடைய வீடு’ என்று தமிழில், பின்பக்கம் ஸ்பானிஷில், இருபது அட்டை போதும். மொழிபெயர்ப்புச் செயலியில் சரிபார்க்கிறேன் என்று போகாதீர்கள், தனியாக ஒரு சு-வைக் கொடுத்தால் அது யாரையாவது ஊகித்து எழுதிவிடும்.

பிறகு சேர்த்தது: அர்ஜென்டினாவில் ‘நீ’க்கு வோஸ் என்கிறார்களே, ‘உன்’ என்ன ஆகும் என்று ஒருவர் கேட்டிருந்தார். ஒன்றும் ஆகாது, அதே துதான்.

இன்னொன்று: எல் சால்வதோர் நாட்டைப் பற்றி எழுதும்போது தெல் ஆக்கலாமா என்றும் கேட்டார்கள். அங்கே ‘எல்’ பெயரின் பகுதி, அதனால் தே எல் சால்வதோர் என்று பிரித்தே எழுத வேண்டும். பேச்சில் ஒட்டிக்கொண்டால் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள்.