சூட்டில் கிளம்பாத பழைய கார்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

காலையில் கும்பகோணத்தில் சாவியைத் திருப்பியவுடன் கிளம்பிய அம்பாசடர், சூரியனார்கோயிலில் தரிசனம் முடித்துக் கஞ்சனூருக்குப் புறப்படும் வேளையில் அடம்பிடிக்கும். நவக்கிரகக் கோயில்களைச் சுற்றிவரும் பயணத்தைப்போலக் கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் உறுப்பு) உள்ள வண்டியின் குறையை வெளிக்கொண்டுவரும் பயணம் வேறில்லை. சில கிலோமீட்டர் ஓட்டம், இருபது முப்பது நிமிட நிறுத்தம், மறுபடியும் ஓட்டம் என்று நாள் முழுவதும் போகும். கத்திரி வெயிலில் தஞ்சாவூர், மயிலாடுதுறைச் சாலைகளில் ரயில்வே கேட் மூடியிருக்கும்போது எஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருப்பவர்களுக்கும் இதே அனுபவம் நேர்கிறது.

அணைத்த உடனே எஞ்சின் குளிரத் தொடங்கும் என்று நினைப்பதில்தான் குழப்பம் தொடங்குகிறது. அணைத்த கணத்தில் ரேடியேட்டர் தண்ணீரின் சுழற்சியும் விசிறிக் காற்றும் நின்றுவிடுகின்றன. ஆனால் எஞ்சினின் இரும்பு பிளாக்கிலும் புகையை வெளியேற்றும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டிலும் தேங்கிய வெப்பம் மேலே ஏறிக்கொண்டே இருப்பதால், பானெட்டுக்குள் உள்ள சூடு அடுத்த பத்து இருபது நிமிடங்களுக்கு, வண்டி ஓடியபோது இருந்ததைவிடக் கூடுதலாகிறது. பெட்ரோலில் உள்ள இலேசான பகுதிகள் 35 முதல் 40 டிகிரி செல்சியஸிலேயே கொதிக்கத் தொடங்கும். அம்பாசடரின் பழைய 1489 சி.சி. எஞ்சினில் கலவை உள்ளே போகும் இன்டேக், புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் இரண்டும் ஒரே பக்கம் அமைந்திருப்பதால், கார்புரேட்டர் ஏறக்குறைய அடுப்பின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது.

இந்தச் சூடு ஒன்றுக்கொன்று நேர்மாறான இரண்டு கோளாறுகளை உண்டாக்கும். கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்கும் ஃப்ளோட் அறையில் அது கொதித்து, ஜெட் என்ற நுண்துளை வழியாகப் பொங்கி இன்டேக் மேனிஃபோல்டுக்குள் வழிந்தால், எஞ்சினுக்குப் பெட்ரோல் மிகையாகிவிடும். மாறாக, பெட்ரோல் குழாயிலோ, மெக்கானிக்குகள் ஏ.சி. பம்ப் என்று சொல்லும் மெக்கானிக்கல் பம்பிலோ ஆவி அடைத்துக்கொண்டால், பெட்ரோல் வந்து சேராமலே போகும். முதலாவதற்குரிய வைத்தியம் இரண்டாவதற்குப் பயன்படாது. பல நேரங்களில் கெடுதலே செய்யும். ஆகவே எதையும் தொடுவதற்கு முன் பானெட்டைத் திறந்து முகர்ந்து பார்ப்பதே முறை. பெட்ரோல் வாடை தூக்கலாக அடித்து, கழற்றிய ஸ்பார்க் பிளக் (தீப்பொறி தரும் உறுப்பு) ஈரமாக இருந்தால் மிகை. வாடையே இல்லாமல் பிளக் உலர்ந்திருந்தால் வறட்சி. இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் கார்புரேட்டரைக் கழற்றும் பழக்கம்தான் மற்ற எல்லாத் தவறுகளுக்கும் வேர் என்பது என் கருத்து.

மிகையான நிலையில் ஓட்டுநர்கள் செய்யும் தவறு ஏறக்குறைய எல்லா ஊர்களிலும் ஒன்றுதான்: சோக்கை இழுப்பார்கள், ஆக்ஸிலரேட்டரைப் படபடவென்று மிதிப்பார்கள். சோக் காற்றைக் குறைத்துக் கலவையில் பெட்ரோலைக் கூட்டும் உறுப்பு; குளிர்ந்த எஞ்சினுக்கு மட்டுமே அது உரியது. ஆக்ஸிலரேட்டர் பம்ப் உள்ள கார்புரேட்டரில் ஒவ்வொரு மிதிக்கும் ஒரு பீச்சல் பெட்ரோல் உள்ளே போகிறது. ஏற்கெனவே நனைந்து கிடக்கும் பிளக்கை அது மேலும் நனைக்கிறது. சரியான முறை எளிது. சோக்கை முழுவதும் உள்ளே தள்ளிவிட்டு, பெடலை மெதுவாக ஒரே ஒரு முறை தரைவரை அழுத்தி, அப்படியே பிடித்துக்கொண்டு செல்ஃப் அடிக்க வேண்டும். காற்று நுழையும் வழியைத் திறந்து மூடும் திராட்டில் முழுவதும் திறந்திருப்பதால் நிறையக் காற்று உள்ளே சென்று மிகைப் பெட்ரோலை வெளியேற்றும். எஞ்சின் இருமிக்கொண்டு பிடித்தவுடன் காலைப் படிப்படியாகத் தளர்த்தலாம். செல்ஃபையும் ஒரு தடவைக்குப் பத்து விநாடிக்கு மேல் அடிக்காமல், இடையில் அரை நிமிடமாவது ஓய்வு கொடுக்க வேண்டும். பின்னால் நிற்கும் பஸ்காரர் ஹாரன் அடிக்கிறார் என்பதற்காக விடாமல் அடித்தால், கிளம்பாத வண்டியோடு எரிந்துபோன ஸ்டார்ட்டரும் இறங்கிய பேட்டரியும் சேர்ந்து மிஞ்சும்.

வறட்சி நிலையில் நடக்கும் தவறுகள் ஆபத்து மிகுந்தவை. ஏர் கிளீனரைக் கழற்றிவிட்டுக் கார்புரேட்டரின் வாயில் பாட்டிலிலிருந்து பெட்ரோல் ஊற்றிச் செல்ஃப் அடிப்பதை இன்றும் சாலையோரங்களில் காணலாம். எஞ்சின் ஒரு முறை திருப்பி அடித்தால் அந்தத் தீ ஊற்றுபவரின் கைக்கு வரும். பெட்ரோல் வருகிறதா என்று பார்ப்பதற்காகக் குழாயைக் கழற்றிவிட்டுச் செல்ஃப் அடிப்பதும் அதே அளவு தவறானது, ஏனெனில் பீச்சியடிக்கும் பெட்ரோல் போய் விழும் இடம் கொதித்துக்கொண்டிருக்கும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட். பக்கத்து வாய்க்காலிலிருந்து ஒரு குடம் தண்ணீரை மொண்டு எஞ்சின் மேல் கொட்டுவது மூன்றாவது. சூடான வார்ப்பிரும்பு திடீரென்று குளிர்ந்தால் விரிசல் விடலாம், பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பகிர்ந்தளிக்கும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் தண்ணீர் புகுந்தால் புதிய கோளாறு ஒன்று சேரும். பம்பின் மீதும் குழாயின் மீதும் மட்டும் நனைத்துப் பிழிந்த துணியைச் சுற்றி, பானெட்டைத் திறந்து வைத்துக் கால் மணி நேரம் காத்திருந்தால் பெரும்பாலும் ஆவி அடங்கிவிடும். சில பம்புகளின் அடியில் கையால் இயக்கும் சிறிய லீவர் இருக்கும். அதை நாலைந்து முறை அசைத்தால் ஃப்ளோட் அறை மீண்டும் நிரம்பும்.

எல்லாவற்றுக்கும் பெட்ரோலையே குற்றம் சொல்வதும் சரியல்ல. டிஸ்ட்ரிபியூட்டரில் பாயிண்டைக் கருகாமல் காக்கும் கண்டென்சரும், தீப்பொறிக்கான உயர் மின்னழுத்தத்தைத் தரும் இக்னிஷன் காயிலும் சூட்டில் மட்டும் சோர்ந்துபோகும் இயல்புடையவை. ஆறியதும் பழையபடி வேலை செய்வதால், ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் நேரத்தில் குறையே தெரியாது. எனவே ஸ்பார்க்கை வண்டி கிளம்ப மறுக்கும் அந்த இடத்திலேயே, பெட்ரோல் வாடை கலைந்த பிறகு, கார்புரேட்டருக்கு எட்டத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் மின்சாரத்தைத் துண்டித்து இணைக்கும் பாயிண்ட் அடிக்கடி கருகுகிறது என்றால் கண்டென்சரை முதலில் மாற்றுவது நல்லது. மின்னோட்டத்தைக் குறைக்கும் பேலஸ்ட் ரெசிஸ்டரோடு சேர்த்துப் பொருத்த வேண்டிய காயிலை அது இல்லாமல் நேரடியாக 12 வோல்ட்டில் இணைத்துவிட்டால், காயில் தேவைக்கு மேல் சூடாகும். கிடைத்த காயிலைப் போட்டு ஓட்டும் வண்டிகளில் இது அரிதன்று. சூட்டில் செல்ஃப் முனகி முனகிச் சுற்றினால், உடனே புது பேட்டரி வாங்கக் கூடாது. எஞ்சினிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் பட்டையைக் கழற்றித் தேய்த்துப் பொருத்திவிட்டு, டைமிங் (தீப்பொறி விழும் நேரம்) அளவுக்கு மீறி முன்னேற்றி வைக்கப்பட்டுள்ளதா என்பதையும் பார்க்க வேண்டும். டைமிங் அதிகம் முன்னேறியிருந்தால் சூடான எஞ்சின் ஸ்டார்ட்டரை எதிர்த்துத் தள்ளும்.

ஒர்க்‌ஷாப்பில் நடக்கும் தவறுகள் சத்தமில்லாதவை. கார்புரேட்டருக்கும் மேனிஃபோல்டுக்கும் இடையே இருக்கும் தடித்த பேக்லைட் துண்டு சூட்டைத் தடுப்பதற்காகவே வைக்கப்பட்டது. அது உடைந்தபோது யாரோ வெறும் பேப்பர் பேக்கிங்கை வைத்துப் பூட்டிவிட்டுப் போயிருப்பார். அதன்பின் வந்த உரிமையாளர்கள் ஒவ்வொருவரும் கார்புரேட்டர் ரிப்பேர் கிட்டை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். மேனிஃபோல்டுக்கு மேலிருந்த தகரத் தடுப்பும் இப்படித்தான், கடகடவென்று சத்தம் போடுகிறது என்று கழற்றி எறியப்பட்டிருக்கும். பிளாஸ்டிக் பெட்ரோல் ஃபில்டரை எக்ஸாஸ்ட் பக்கம் தொங்கவிடுவதும், குழாயை பிளாக்கின் மேல் சாய்த்துக் கொண்டுபோவதும் ஆவி அடைப்பை வலிய அழைப்பதாகும். ஃப்ளோட் அறை நிரம்பியதும் பெட்ரோலை அடைக்கும் நீடில் வால்வ் தேய்ந்தோ ஃப்ளோட் அளவு உயர்ந்தோ இருந்தால் பொங்கி வழிவது இன்னும் எளிதாகிறது. எஞ்சின் சூடாகிறது என்று தெர்மோஸ்டாட்டை (எஞ்சின் சூடேறும்வரை ரேடியேட்டருக்குத் தண்ணீர் போவதைத் தடுத்துவைக்கும் வால்வை) கழற்றுவது நம் பகுதியில் ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. நின்ற பிறகு ஏறும் சூட்டுக்கும் அதற்கும் தொடர்பில்லை, கழற்றியதால் எஞ்சின் காலையில் சூடேற நேரமாகும் என்பதுதான் கண்ட பலன்.

ரேடியேட்டரைப் பற்றி டெல்டாவில் தனியாக ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. அறுவடைக் காலத்தில் சாலையில் பரவிக் கிடக்கும் வைக்கோல் தூசி, ரேடியேட்டரின் இடுக்குகளில் முன்பக்கமாக அடைத்துக்கொள்ளும்; நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்து உப்பு கலந்த போர்வெல் தண்ணீரை ஊற்றி ஓட்டினால் உள்ளே துருவும் படிவும் சேரும். கூலண்டும் சுத்திகரித்த நீரும் ஊற்றுவது செலவுதான் என்றாலும் ரேடியேட்டர் மாற்றும் செலவைவிடக் குறைவு. சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கக் கூடாது என்பதை விரிவாகச் சொல்லத் தேவையில்லை.

20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் 2023இல் அறிமுகமாகி, இப்போது பங்க்குகளில் வழக்கமாகிவிட்ட பிறகு, சூட்டில் கிளம்பாத எல்லா வண்டிகளுக்கும் அதையே காரணமாகச் சொல்லும் போக்கு வந்திருக்கிறது. எத்தனாலுக்குப் பொருந்தாத பழைய ரப்பர் குழாயும் பம்பின் டயாஃப்ரம் என்ற சவ்வும் ஊறிக் கெடுகின்றன என்பதும், பழைய ஜெட் அளவுகளில் கலவை சற்று மெலிகிறது என்பதும் உண்மை. ஆகவே குழாய்களை எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றுவது அவசியம். ஆனால் பேக்லைட் துண்டு இல்லாத வண்டிக்கு விலை கூடிய, ஆக்டேன் எண் அதிகமான பெட்ரோலை ஊற்றிப் பயனில்லை. ஆக்டேன் எண் என்பது எஞ்சினுக்குள் கலவை ஒழுங்கின்றி வெடிக்கும் தட்டலைத் தாங்கும் திறனைக் குறிப்பது. பெட்ரோல் எந்தச் சூட்டில் ஆவியாகும் என்பதை அது சொல்வதில்லை.

நிறுத்தும் முறையிலும் சிறிது கவனம் வேண்டும். நெடுந்தூரம் ஓடி வந்தவுடன் சட்டென்று அணைக்காமல் ஒன்றிரண்டு நிமிடம் ஐட்லிங்கில் விட்டு, நிழலில் நிறுத்தி, இறங்கும்போது பானெட்டின் கொக்கியை விடுவித்துச் சற்றே தூக்கி வைத்தால் வெப்பம் வெளியேற வழி கிடைக்கும். திரும்பி வந்து புறப்படும் முன் அதை மறக்காமல் அழுத்தி மூடிவிட்டுத்தான் வண்டியை எடுக்க வேண்டும்.