ஜிப்சியை எஃப்ஐ ஆக்கும்போது கோட்டைவிடும் இடம்

மாருதி ஜிப்சியை நிறுத்திச் சில வருஷம் ஆகியும் பெங்களூரில் அதற்கு மவுசு குறையவில்லை. 1985-ல் 970 சிசி இன்ஜினோடு வந்த எம்ஜி410, 1996-ல் வந்த 1.3 லிட்டர் ஜிப்சி கிங் இரண்டுமே கார்புரேட்டர் வண்டிகள். பெட்ரோலை இன்ஜெக்டரால் பீய்ச்சும் (ஃபியூவல் இன்ஜெக்‌ஷன், சுருக்கமாக எஃப்ஐ) 16 வால்வு எம்பிஎஃப்ஐ இன்ஜின் வந்தது 2000 வாக்கில்தான். அதனால் அல்சூரிலும் கம்மனஹள்ளியிலும் பழைய வண்டி வாங்குகிற பசங்களுக்கு முதலில் தோன்றுவது, "கார்புரேட்டரைக் கழற்றிட்டு எஃப்ஐ போட்டுடலாம்" என்பதுதான்.

நல்ல யோசனைதான். பாறை ஏற்றத்தில் வண்டி சாயும்போது கார்புரேட்டரின் ஃப்ளோட் கிண்ணத்தில் பெட்ரோல் ஒரு பக்கமாக ஒதுங்கும். ஒரு சாய்வில் இன்ஜின் பெட்ரோலில் மூழ்கும், இன்னொரு சாய்வில் பெட்ரோலுக்கு ஏங்கும். எஃப்ஐயில் அந்தக் கிண்ணமே கிடையாது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரத்தில் இருக்கும் இந்த ஊரிலிருந்து மங்களூருக்கு இறங்கினாலும் ஜெட் (கார்புரேட்டரில் பெட்ரோல் அளவை நிர்ணயிக்கும் துளை) மாற்ற வேண்டாம், காற்றழுத்தத்தைப் பார்த்து இன்ஜினின் கம்ப்யூட்டரான ஈசியூவே அளவைச் சரிசெய்துகொள்ளும்.

போல்ட்டை இறுக்கு, கேஸ்கெட் புதிதாகப் போடு என்பதையெல்லாம் நான் சொல்லத் தேவையில்லை. வருகிற வண்டிகளில் திரும்பத் திரும்பப் பார்ப்பதை மட்டும் எழுதுகிறேன்.

பம்ப்பை இன்ஜின் பக்கத்தில் மாட்டுவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும். காசையும் இன்ஜினையும் சேர்த்தே சாப்பிடுகிற தவறு இது.

கார்புரேட்டர் வண்டியின் மெக்கானிக்கல் பம்ப் இன்ஜினிலேயே இருக்கும். பின்னால் இருக்கும் டேங்க்கிலிருந்து பெட்ரோலை உறிஞ்சி இழுக்கும். அதற்குத் தேவையான அழுத்தம் 0.2, 0.3 பார் அளவுதான். எம்பிஎஃப்ஐக்கு 3 பார் பக்கம் வேண்டும். அதைத் தருகிற எலக்ட்ரிக் பம்ப் தள்ளுவதில் கெட்டி, உறிஞ்சுவதில் மோசம். பழைய பம்ப் இருந்த இடத்தை மூடிவிட்டு, பக்கத்திலேயே ஃபயர்வாலில் (இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவில் உள்ள தகடு) கிளாம்ப் அடித்துப் புது பம்ப்பை மாட்டினால், அது முழு நீளக் குழாயையும் உறிஞ்சிக்கொண்டே இருக்க வேண்டும். போதாததற்கு இன்ஜின் சூடு வேறு. உறிஞ்சும் பக்கத்தில் பெட்ரோல் ஆவியாகும், பம்ப் ஊளையிட ஆரம்பிக்கும்.

கனகபுரா பக்கம் பாறை ஏறப் போன ஒரு தம்பியின் ஜிப்சி என்னிடம் வந்தது. ஓசூர் ரோட்டில் வெண்ணெய் மாதிரி ஓடுமாம், ஏற்றத்தில் மட்டும் செத்துப்போகுமாம்.

"அண்ணா, ஈசியூ மாத்திட்டேன், இன்ஜெக்டர் மாத்திட்டேன், காத்தழுத்தம் பாக்குற மேப் சென்சாரும் புதுசு. அப்பவும் அதே கதைதான்."

"பம்ப் எங்கப்பா வச்சிருக்க?"

பானெட்டைத் திறந்து காட்டினார். பேட்டரிக்குப் பக்கத்தில் பளபளவென்று இருந்தது. டேங்க்கில் கால்வாசி பெட்ரோல்.

பாதிப் பழுது பம்ப் இருக்கும் இடத்தில், மீதி டேங்க்கில். கார்புரேட்டர் ஜிப்சியின் 40 லிட்டர் டேங்க்கில் பெட்ரோலை ஓரிடத்தில் பிடித்து நிறுத்தும் கிண்ணம் கிடையாது. வண்டி சாய்ந்தால் பெட்ரோல் மூலைக்கு ஓடிவிடும், உறிஞ்சும் குழாய் காற்றைக் குடிக்கும். கார்புரேட்டர் காலத்தில் இது பெரிதாகத் தெரியாது. ஃப்ளோட் கிண்ணத்தில் இருப்பு இருக்கும், இரண்டு வினாடி காற்று வந்தாலும் இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும். எஃப்ஐயில் அந்த இருப்பு இல்லை. காற்றுக் குமிழி வந்த கணமே அழுத்தம் விழும், இன்ஜின் நிற்கும். எந்தச் சாய்வுப் பிரச்சினைக்காகக் கார்புரேட்டரைக் கழற்றினோமோ, அதே பிரச்சினை டேங்க்குக்குக் குடிபோகிறது.

செங்குத்தான ஏற்றத்தில் இன்ஜின் நின்றால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். பிரேக் பூஸ்டரில் மிச்சமிருக்கும் வாக்குவம் ஓரிரு மிதிக்குத்தான் வரும். அதற்கப்புறம் பெடல் கல்லாகிவிடும். அந்தத் தம்பியின் வண்டி பின்னால் உருண்டு, பம்பர் பாறையில் முட்டி நின்றது. பள்ளத்துப் பக்கம் திரும்பாமல் போனது அவர் பெற்றோர் செய்த புண்ணியம்.

இன்ஜின் நிற்காமல் அழுத்தம் மட்டும் குறைந்தாலும் ஆபத்துதான். ஏற்றத்தில் முழு லோடு இருக்கும்போது பெட்ரோல் குறைந்தால் லீனாக (காற்று அதிகம், பெட்ரோல் கம்மி) ஓடும், நாக் அடிக்கும் (கலவை நேரம் தவறி வெடித்துத் தட்டும்), பிஸ்டனும் வால்வும் அடிவாங்கும். இதைவிட வயிற்றெரிச்சல் ஒன்று உண்டு. ஆக்சிஜன் சென்சார் "லீன்" என்று சொன்னதும் லேப்டாப்போடு வருகிறவர் மேப்பில் (ஈசியூவுக்குள் இருக்கும் பெட்ரோல் அளவுப் பட்டியல்) பெட்ரோலைக் கூட்டுவார். சமதளத்தில் அழுத்தம் சரியாக இருக்கும்போது அதே மேப் கறுப்புப் புகை கக்க வைக்கும். அப்புறம் அதைக் குறைப்பார். குழாயில் இருக்கும் நோய்க்கு லேப்டாப்பில் வைத்தியம் பார்த்தால் பில் ஏறுமே தவிர வண்டி ஏறாது.

செய்ய வேண்டியது இதுதான். எம்பிஎஃப்ஐ ஜிப்சியின் டேங்க் பம்ப்போடு நல்ல நிலையில் கிடைத்தால் வாங்கிப் போடுங்கள். பெட்ரோலுக்குள் மூழ்கியிருக்கும் பம்ப் சூடாகாது, சத்தமும் போடாது. கிடைக்காவிட்டால் சர்ஜ் டேங்க் வையுங்கள். ஒன்றரை லிட்டர் கொள்ளும் சின்னப் பாத்திரம் போதும். குறைந்த அழுத்தப் பம்ப் ஒன்று மெயின் டேங்க்கிலிருந்து அதை நிரப்பும். அதன் அடியிலிருந்து உயர் அழுத்தப் பம்ப் எடுக்கும். அழுத்தத்தைச் சீராக வைக்கும் ரெகுலேட்டரிலிருந்து திரும்பும் பெட்ரோல் அதிலேயே வந்து விழும். நிரம்பி வழிவது மேல் வாய் வழியாக மெயின் டேங்க்குக்குப் போகும். வண்டி எப்படிச் சாய்ந்தாலும் உயர் அழுத்தப் பம்ப்பின் வாயில் பெட்ரோல் நிற்கும். இரண்டு பம்ப்பும் டேங்க்குக்குப் பக்கத்திலேயே, முடிந்தவரை தாழ்வாக இருக்கட்டும். பம்ப்புக்கு முன்னால் கரடான வலை ஃபில்டர், பின்னால் நுண்ணிய ஃபில்டர். இடம் மாற்றிப் போட்டால் நுண்ணிய ஃபில்டரே பம்ப்பின் கழுத்தை நெரிக்கும்.

அழுத்தத்தை ஐடிலில் பார்த்துவிட்டு "ஓகே" சொல்லாதீர்கள். இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் தரும் ஃபியூவல் ரெயிலில் டீ (மூன்று வாய் இணைப்பு) போட்டு, நீளமான ஹோஸில் அழுத்தம் காட்டும் கேஜை இணைத்து, விண்ட்ஷீல்டுக்கு வெளிப்பக்கம் டேப் ஒட்டி வையுங்கள். பெட்ரோல் உள்ள குழாய் கேபினுக்குள் வரவே கூடாது. கால் டேங்க் பெட்ரோலோடு ஏற்றத்தில் ஏற்றி, பக்கத்தில் ஒருவரை உட்கார வைத்து முள்ளையே பார்க்கச் சொல்லுங்கள். வாக்குவம் குழாய் உள்ள ரெகுலேட்டர் என்றால் ஐடிலில் சுமார் 2.5 காட்டும், ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க 3-ஐ நோக்கி ஏறும். மிதிக்கும்போது முள் இறங்கினாலோ நடுங்கினாலோ அங்கேயே நிறுத்திவிடுங்கள், மேப்பைத் தொடாதீர்கள். அந்தத் தம்பியின் வண்டியில் முள் 3-லிருந்து ஒன்றுக்கு விழுந்ததை இரண்டு பேருமே பார்த்தோம். பம்ப்பைப் பின்னால் கொண்டுபோய் சர்ஜ் டேங்க் வைத்ததும் அதே ஏற்றத்தில் முள் அசையவில்லை. அவர் மாற்றிய ஈசியூவும் இன்ஜெக்டரும் வீண் செலவு.

பழைய ஹோஸ்

கார்புரேட்டர் ஹோஸ் 3 பாருக்கு ஆகாது. எஸ்ஏஇ ஜே30 ஆர்9 என்று அச்சடித்திருப்பதைக் கேட்டு வாங்குங்கள், ரப்பரைக் கடிக்காத எஃப்ஐ கிளிப்போடு.

டேங்க் துரு

2023 பிப்ரவரியில் இதே பெங்களூரில்தான் 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோலை அறிமுகப்படுத்தினார்கள். எத்தனால் தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்ளும், பழைய ரப்பரை ஊற வைக்கும். பல வருஷம் ஓரமாக நின்ற வண்டியின் டேங்க்கைக் கழற்றிக் கழுவாமல் இன்ஜெக்டர் போட்டால் துருத்தூள் நேராக அங்கேதான் போகும். கார்புரேட்டர் ஜெட்டை ஊதிச் சுத்தம் செய்யலாம், இன்ஜெக்டரை அப்படி ஊத முடியாது.

பம்ப்பை இக்னிஷனில் நேராக இணைப்பது

உயிர் விஷயம் என்பதால் இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். ஆஃப்ரோடில் வண்டி கவிழ்வது நடக்கிற காரியம். சாவி ஆனில் இருக்க, இன்ஜின் நின்று, ஹோஸ் அறுந்திருந்தால், நேராக இணைத்த பம்ப் சூடான எக்ஸாஸ்ட் மேல் பெட்ரோலைப் பீய்ச்சிக்கொண்டே இருக்கும். பம்ப் ரிலேவை ஈசியூ கட்டுப்படுத்தட்டும். இன்ஜின் சுற்றும் சிக்னல் நின்ற ஓரிரு வினாடியில் அது பம்ப்பை அணைத்துவிடும். வேலை முடிந்ததும் சாவியை ஆனில் வைத்துக் காதால் கேளுங்கள். பம்ப் கொஞ்ச நேரம் ஓடித் தானாக நிற்க வேண்டும். நிற்காமல் ஓடினால் வயரிங்கைப் பிரித்துத் திரும்பச் செய்யச் சொல்லுங்கள், எலக்ட்ரீஷியன் எவ்வளவு பழக்கமானவராக இருந்தாலும் சரி.

எர்த்

பெயின்ட் மேல் ஸ்க்ரூ போட்டு எர்த் கொடுக்காதீர்கள். ஃபேன், லைட், பம்ப் எல்லாம் ஓடும்போது இன்ஜின் பிளாக்குக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவில் மல்ட்டிமீட்டர் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் புதிய எர்த் ஸ்ட்ராப் போடுங்கள். சென்சார் பொய் சொல்கிறது என்று வருகிற வண்டிகளில் நிறைய இதோடு சரியாகிவிடும்.

எக்ஸாஸ்ட் ஒழுக்கு

ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னால் ஒரு மயிரிழை விரிசல்கூட இருக்கக் கூடாது.

எஸ்டீம் இன்ஜின் அப்படியே உட்காரும் என்று நினைப்பது

மாருதியின் எம்பிஎஃப்ஐ எஸ்டீம் காரிலும் ஜிப்சியில் உள்ள அதே ஜி13பிபி இன்ஜின் குடும்பம்தான். ஆனால் அதில் இன்ஜின் குறுக்காக உட்கார்ந்திருக்கும், ஜிப்சியில் நெடுக்காக. மவுண்ட், சம்ப், மேனிஃபோல்ட் என்று ஒவ்வொன்றாக வேலை வைக்கும். அட்வான்ஸ் கொடுக்கும் முன் இந்தச் சில்லறைச் செலவைக் கூட்டிப் பாருங்கள்.

ஆர்சி

இன்ஜினையே மாற்றினால் இன்ஜின் நம்பரும் மாறும். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுப்படி வேலைக்கு முன்பே ஆர்டிஓவிடம் கேளுங்கள். 15 வருஷம் தாண்டிய வண்டி எஃப்சிக்குப் போகும்போது ஆர்சியில் ஒரு நம்பரும் பிளாக்கில் வேறு நம்பரும் இருந்தால் அங்கேயே நிற்கும். இன்ஜினை வாங்கும்போதே பில்லைக் கேட்டு வாங்கிப் பத்திரமாக வையுங்கள், வேலை முடிந்த பிறகு அதைத் தேடினால் கிடைக்காது.