இனிப்புச் சீஸ்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்: சர்க்கரைக்கு முன் நீரைக் கவனியுங்கள்

வங்காளத்து ரசகுல்லா, சிசிலியின் கன்னோலி, பாலஸ்தீனத்தின் குனாஃபா, நார்வேயின் புரூனோஸ்ட், ஹங்கேரியின் தூரோ ரூடி என்று உலகின் பல பகுதிகளில் சீஸ் இனிப்புப் பண்டமாகவே வளர்ந்திருக்கிறது. இவற்றை வீட்டில் செய்து பார்ப்பவர்களும் வாங்கிச் சுவைப்பவர்களும் செய்யும் தவறுகளைக் கூர்ந்து பார்த்தால், சர்க்கரையின் அளவால் கெடுவது மிகக் குறைவு என்பது தெரியும். பால் எப்படித் திரிக்கப்பட்டது, கட்டியில் எவ்வளவு நீர் நிற்கிறது, எவ்வளவு உப்பு ஏறியிருக்கிறது என்ற மூன்றையும் கேட்காமல் அடுப்பைப் பற்றவைப்பதால்தான் பெரும்பாலான பண்டங்கள் கெடுகின்றன. அம்மூன்றிலும் நீர்தான் அதிகத் தொல்லை தருவது.

அதற்கு முன், பெயரால் ஏமாறுவதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வெனிசுவேலாவின் கேசில்லோ என்ற சொல்லுக்குச் ‘சிறு சீஸ்’ என்று பொருள். பண்டமோ முட்டையும் கண்டென்ஸ்டு மில்க்கும் சேர்த்து வேகவைத்த கஸ்டர்டு. போர்ச்சுகலின் அல்கார்வே பகுதியில் விற்கும் அத்திப்பழச் ‘சீஸ்’ உலர்ந்த அத்தியையும் பாதாமையும் அரைத்துக் கட்டியாகப் பிடித்தது. அதே நாட்டின் சிந்த்ரா நகரத்துக் கெய்ஜாடாவில் புதுச் சீஸ் உண்மையாகவே உண்டு. மாறாக, மெக்சிகோவின் சோங்கோஸ் சமோரானோஸ் என்ற பெயரில் சீஸின் வாடையே இல்லாவிட்டாலும், அது பாலை உறையவைத்து, வெட்டி, சர்க்கரையும் பட்டையும் சேர்த்து மெல்லிய தீயில் நெடுநேரம் வைத்துச் செய்யும் பண்டம். குலாப் ஜாமுனையும் பலர் சீஸ் இனிப்புகளின் வரிசையில் வைக்கிறார்கள். அதற்கு அடிப்படையான கோவா பாலைத் திரிக்காமல் சுண்டக் காய்ச்சிப் பெறுவது என்பதால், அது இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததன்று.

ஒன்றுக்கு ஒன்றை மாற்றிப் போடுதல்

கிடைக்காத சீஸுக்குப் பதிலாகக் கையில் இருப்பதைப் போடுவது சமையலில் இயல்புதான். ஆயினும் இனிப்புச் சீஸ்களில் அந்த மாற்றம் எங்கே செல்லும், எங்கே செல்லாது என்பதைப் பால் திரிந்த விதமே முடிவு செய்கிறது. நன்கு காய்ச்சிய பாலில் எலுமிச்சைச் சாறோ வினிகரோ சேர்த்துத் திரித்தால், பிரியும் தெளிநீரோடு போயிருக்க வேண்டிய புரதங்களும் வெப்பத்தால் கேசின் என்னும் முதன்மைப் புரதத்தோடு பிணைந்து கட்டியிலேயே தங்கிவிடுகின்றன. பன்னீரும், வங்காளத்திலும் ஒடிசாவிலும் சேனா என்று அழைக்கப்படும் மென்கட்டியும் இவ்வகையைச் சேர்ந்தவை. எவ்வளவு சூடேற்றினாலும் இவை உருகுவதில்லை. ரிகோட்டாவும் அப்படித்தான், அது பெரும்பாலும் தெளிநீரில் மிஞ்சிய புரதத்தையே மீண்டும் காய்ச்சித் திரட்டியது, அதன் பெயருக்கே ‘மறுபடி சமைத்தது’ என்றுதான் பொருள். ரென்னெட் என்னும் நொதியால் மிதமான சூட்டில் உறையவைத்த மொசரெல்லா, பாலஸ்தீனப் பகுதியின் அக்காவி, நாபுல்சி போன்ற சீஸ்களோ சூடேறியதும் இளகி நூலாக இழுபடும்.

குனாஃபாவில் இந்த வேறுபாடு முகத்தில் அறைந்தாற்போலத் தெரியும். மேலே மொறுமொறுப்பான சேமியா போன்ற மாவிழைகளும் கீழே இழுபடும் சீஸும் சேர்ந்ததுதான் அந்தப் பண்டத்தின் உயிர். அங்கே பன்னீரை மட்டும் துருவிப் போட்டால் பாகில் நனைந்த நறநறப்பான பூரணம்தான் கிடைக்கும். நாபுல்சியோ அக்காவியோ கிடைக்காதவர்கள் உப்புக் குறைந்த, நீர் குறைந்த மொசரெல்லாவை இழுபடுவதற்காகவும் சிறிது ரிகோட்டாவை மென்மைக்காகவும் கலப்பது ஏற்கத்தக்க ஏற்பாடு. ரென்னெட்டைப் பற்றி இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: மரபான ரென்னெட் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கப்படுவது. சைவ உணவினர் மேலுறையில் நுண்ணுயிர் வழி பெற்ற ரென்னெட் என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

உண்மையான நாபுல்சி கிடைத்துவிட்டால் கவலை தீர்ந்தது என்று எண்ணுவதும் தவறு. அது நெடுநாள் கெடாமலிருக்க உப்புநீரில் ஊறவைக்கப்படும் சீஸ். உப்பை இறக்காமல் இனிப்பில் சேர்க்கவே முடியாது. முதன்முறை செய்தபோது நான் ஒரே கட்டியாகத் தண்ணீரில் போட்டு ஒருமணி நேரம் கழித்து எடுத்துப் பயன்படுத்தினேன். வெளிப்புறம் வெறுமையாகவும் உட்புறம் கடல்நீராகவும் இருந்தது. அன்று ஊற்றிய பாகு முழுவதும் வீண். மெல்லிய வில்லைகளாக நறுக்கி, நிறைய நீரில் ஊறவைத்து, நீரைப் பலமுறை மாற்றி, ஒவ்வொரு முறையும் ஒரு துண்டை நடுவிலிருந்து கிள்ளி வாயில் போட்டுப் பார்ப்பதுதான் நம்பத்தக்க வழி. அதன்பின் துணியில் ஒற்றி ஈரத்தை எடுக்க வேண்டும். இல்லையேல் மாவிழைகள் அடியிலிருந்தே நமத்துப்போகும். அடுப்பிலிருந்து இறக்கிய சூட்டோடு, ஆறிய பாகை ஊற்றி உடனே பரிமாற வேண்டும். ஆறிப்போன குனாஃபாவில் சீஸ் மீண்டும் இறுகிவிடும். அதைப் பார்த்துவிட்டு ‘இது இழுபடவில்லையே’ என்று குறை சொல்வதில் நியாயமில்லை.

ரசகுல்லா: விரல்களுக்கு மட்டுமே தெரியும் பதம்

ரசகுல்லா இரண்டு நாள் கழித்தும் ரப்பர்போல இருப்பதற்கும், பாகில் போட்டதுமே கரைந்துபோவதற்கும் காரணம் ஒன்றே: சேனாவின் ஈரம். எருமைப்பாலில் செய்த கட்டி கடினமாக இருக்கும் என்பதால் பசும்பாலே இதற்கு ஏற்றது. பால் பொங்கி வந்ததும் கொதிக்கக் கொதிக்க அமிலத்தை ஊற்றிவிடுவது பலரும் செய்யும் பிழை. அடுப்பை அணைத்துச் சற்றே சூடு தணியவிட்டு, நீர் கலந்த எலுமிச்சைச் சாற்றைச் சிறிது சிறிதாக விட்டு, தெளிநீர் பச்சை கலந்த மஞ்சளாகப் பிரிந்த அந்தக் கணத்திலேயே நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் விடும் ஒவ்வொரு கரண்டியும் கட்டியை இறுகச் செய்வதோடு புளிப்பையும் ஏற்றும். வடிகட்டிய சேனாவைக் குளிர்ந்த நீரில் அலசினால் புளிப்பு நீங்குவதோடு மேலும் வேகாமலும் நிற்கும்.

அடுத்துத் துணியில் கட்டித் தொங்கவிடும் நேரம். பன்னீர் செய்த பழக்கத்தில் மேலே கல்லை ஏற்றுகிறவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் கிடைப்பது பன்னீர்தான், சேனா அல்ல. எத்தனை நிமிடம் என்று கடிகாரம் சொல்லாது. ஒரு சிட்டிகையை எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே அழுத்தினால், விரல் ஈரமாக வேண்டும், ஆனால் சொட்டு விழக் கூடாது. பிறகு உள்ளங்கையின் அடிப்பகுதியால் தேய்த்துத் தேய்த்துப் பிசைய வேண்டும். முதலில் மணல்போல உதிர்ந்து கிடப்பது, சில நிமிடங்களில் ஒன்றுகூடி வழவழப்பாகும். உள்ளங்கையில் இலேசாக எண்ணெய்ப் பசை படியத் தொடங்கினால் கையை எடுத்துவிட வேண்டும். கொழுப்பு வெளியேறத் தொடங்கிவிட்டது என்பதற்கு அதுவே அறிகுறி. வேலை விரைவில் முடியட்டும் என்று மிக்ஸியில் ஓடவிடுபவர்கள் இந்த எல்லையைக் கண்ணிமைக்கும் நேரத்தில் தாண்டிவிடுகிறார்கள். உருண்டையில் மயிரிழை அளவு வெடிப்பு இருந்தாலும் பாகில் அது வாயைப் பிளந்துகொள்ளும்.

பாகைப் பொறுத்தவரை, மற்ற இனிப்புகளில் பழகிய கை இங்கே தடுமாறும். கம்பிப் பதம் வந்துவிட்டால் ரசகுல்லா கெட்டது என்றே பொருள். கெட்டிப் பாகு உருண்டைக்குள் இருக்கும் நீரை வெளியே இழுத்துச் சுருங்கச் செய்யும். நீர்த்த பாகு தளதளவென்று கொதித்துக்கொண்டே இருந்தால்தான் உருண்டைக்குள் நீர் ஆவியாகி அதை ஊதிப் பெரிதாக்கும். கொதிக்கக் கொதிக்கப் பாகு சுண்டும் என்பதால் வெந்நீரை அவ்வப்போது ஓரமாக ஊற்றிக்கொண்டே வர வேண்டும். குளிர்ந்த நீரை ஊற்றினாலோ மூடியை அடிக்கடி திறந்து பார்த்தாலோ கொதி அடங்கி, ஊதிய உருண்டை அமுங்கிவிடும்.

வங்காள ரசகுல்லாவையும் ஒடிசா ரசகோலாவையும் ஒன்றின் நகலாக மற்றொன்றைக் கருதிச் சண்டையிடுவது இன்னும் ஓயவில்லை. 2017-இல் வங்காள வகைக்கும் 2019-இல் ஒடிசா வகைக்கும் தனித்தனியே புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. பஞ்சுபோல் கடிபடும் வெண்மையான உருண்டையை எதிர்பார்த்து ஒடிசா வகையை வாங்கினால் ஏமாற்றமே மிஞ்சும். அது இளம்பழுப்பாகவும் பல் படாமலே கரையும் மென்மையோடும் இருப்பதுதான் அதன் இலக்கணம்.

சர்க்கரை நீரை இழுக்கும்

ரிகோட்டாவை நிரப்பிய மொறுமொறுப்பான குழலான கன்னோலியின் பூரணம் தண்ணீராக ஓடினால் இன்னும் கொஞ்சம் பொடித்த சர்க்கரையைச் சேர்ப்பது இயல்பாகத் தோன்றும் தீர்வு. விளைவு நேர்மாறானது. சர்க்கரை ரிகோட்டாவில் உள்ள நீரில் கரைந்து பாகாகிவிடுவதால் பூரணம் மேலும் இளகும். ரிகோட்டாவை வடிதட்டில் துணி விரித்து, குளிர்சாதனப் பெட்டியில் இரவு முழுவதும் வடியவிட்ட பிறகே சர்க்கரையைச் சேர்த்து, நுண்ணிய சல்லடையில் தேய்த்து எடுக்க வேண்டும். சிசிலியில் செம்மறியாட்டுப்பால் ரிகோட்டாவையே இதற்கு விரும்புகிறார்கள்; பசும்பால் வகையைவிட அது கொழுப்பு மிகுந்தது. குழல்களில் பூரணத்தை முன்கூட்டியே நிரப்பி வைப்பதைப் போன்ற வீண்வேலை வேறில்லை.

கிரீம் சீஸில் செய்யும் சீஸ்கேக்குக்கும் இதே பாடம் பொருந்தும். ரொட்டியில் தடவுவதற்காகக் குப்பியில் வரும் வகையிலும் கொழுப்புக் குறைத்த வகையிலும் நீர் அதிகம்; சுடுவதற்குக் கட்டியாக வருவதையே வாங்க வேண்டும். குளிர்ந்த கட்டியை அப்படியே அடித்தால் திப்பிகள் விழும், அவற்றைக் கரைக்க மேலும் அடித்தால் காற்று ஏறி, வெந்தபின் நடுவே பிளக்கும். சீஸ்கேக் உண்மையில் முட்டையால் இறுகும் கஸ்டர்டு. ஓரம் நின்று நடுப்பகுதி இன்னும் தளும்பும்போதே அடுப்பை அணைத்துவிட வேண்டும், மீதியை அதற்குள் இருக்கும் சூடே பார்த்துக்கொள்ளும். மஸ்கார்போனே வேறு கதை. அது க்ரீமையே அமிலத்தால் கெட்டியாக்கியது என்பதால், சற்று அதிகமாக அடித்தாலும் வெண்ணெயாகத் திரண்டுவிடும்.

மிட்டாய் வடிவச் சீஸ்களில் எனக்கு மிகவும் பிடித்தது தூரோ ரூடி. தூரோ என்னும் புதுக்கட்டியை இனிப்பூட்டிச் சாக்லேட்டால் போர்த்திய இந்தச் சிறு பட்டை, ஹங்கேரியில் 1968 முதல் விற்பனையில் இருக்கிறது. வீட்டில் இதைச் செய்வோர் ஈரமான கட்டியை உருக்கிய சாக்லேட்டில் தோய்த்து, ஒரே நொடியில் முழுக் கிண்ணமும் கரடுதட்டிப் போவதைக் கண்டு திகைக்கிறார்கள். உருகிய சாக்லேட்டில் சில துளி நீர் பட்டாலே சர்க்கரைத் துகள்கள் ஒட்டிக் கட்டிபிடித்துவிடும். கட்டியை நன்கு பிழிந்து, உருவம் பிடித்து, உறைநிலையில் வைத்து எடுத்து, மேலே படியும் பனித்துளியையும் ஒற்றிய பிறகே தோய்க்க வேண்டும். சாக்லேட் என்று எண்ணி அலமாரியில் வைப்பதும் தவறு. உள்ளே இருப்பது புதுச் சீஸ், அதற்கு இடம் குளிர்சாதனப் பெட்டி. கிரீம் சீஸும் பொடித்த சர்க்கரையும் புதினா எசன்ஸும் பிசைந்து செய்யும் அமெரிக்க மிட்டாய்க்கும் இதுவே விதி.

புரூனோஸ்டைச் சீஸாக மட்டும் பார்த்தல்

நார்வேயின் பழுப்புச் சீஸ் கேரமல்போல இனிப்பதைக் கண்டு அதில் சர்க்கரை சேர்த்திருக்கிறார்கள் என்று முடிவு கட்டுபவர்கள் பலர். சீஸ் செய்தபின் எஞ்சும் தெளிநீரைப் பல மணிநேரம் சுண்டக் காய்ச்சும்போது, பாலிலேயே உள்ள லாக்டோஸ் என்னும் சர்க்கரை செறிந்து பழுப்பேறுவதால் வரும் சுவை அது. 1863-இல் குட்பிரான்ஸ்டால் பள்ளத்தாக்கைச் சேர்ந்த ஆன்னே ஹோவ் என்ற பெண், காய்ச்சும் தெளிநீரில் க்ரீமைச் சேர்த்து இன்று பரவலாகக் கிடைக்கும் கொழுத்த வகையை உருவாக்கினார். முதிர்ந்த கடினச் சீஸ்களில் லாக்டோஸ் மிகக் குறைவு என்று படித்துவிட்டு, அதே நம்பிக்கையில் லாக்டோஸ் ஒவ்வாதவர்கள் இதைத் தின்பது வயிற்றைப் பகைத்துக்கொள்வதாகும். இங்கே லாக்டோஸ்தான் பெரும்பங்கு. 2013-இல் நார்வேயில் ஒரு சுரங்கப்பாதையில் சுமார் 27 டன் புரூனோஸ்ட் ஏற்றிவந்த லாரி தீப்பிடித்து நாள்கணக்கில் எரிந்ததை நினைத்தால், அதில் அடங்கியிருக்கும் கொழுப்பும் சர்க்கரையும் எவ்வளவு என்பது புரியும்.

வீட்டில் காய்ச்சுவோர் செய்யும் பிழை கடைசி அரைமணியில்தான் நேர்கிறது. அதுவரை கவனிக்காமல் விடலாம். குழம்பு கெட்டியாகிக் குமிழிகள் சோம்பலாக வெடிக்கத் தொடங்கியதும் அடி பிடிக்கும். இறக்கியபின் கிளறாமல் ஆறவிட்டால் லாக்டோஸ் பெரிய படிகங்களாக உறைந்து நாக்கில் மணல்போல உறுத்தும். ஆறும்வரை விடாமல் கிளறினால் படிகங்கள் நுண்ணியதாக நின்று வழவழப்பாகும். உண்ணும்போதும் கத்தியால் தடித்த துண்டாக வெட்டக் கூடாது. தோர் பியோர்க்லுண்ட் என்ற நார்வேத் தச்சர் 1925-இல் உருவாக்கிய சீஸ் சீவியால் தாள்போல மெல்லியதாகச் சீவி, சூடான வாஃபிளின் மேல் போட்டால், ஓரங்கள் இலேசாக வியர்த்து மடங்கும்.