சங்கீதத்தை வெட்டாமல் பாடுங்கள்: ஆராதனையிலும் தியானத்திலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிடித்த இரண்டு வசனங்கள், அதற்கு இனிமையான ஒரு மெட்டு, நான்கு முறை திரும்பப் பாடினால் முடிந்தது. கிறிஸ்தவ ஆராதனையில் வேதாகமத்தின் சங்கீதம் பெரும்பாலும் இப்படித்தான் இடம்பெறுகிறது. அந்த வசனங்களுக்கு முன்னாலும் பின்னாலும் என்ன எழுதியிருக்கிறது என்று புரட்டிப் பார்ப்பவர்கள் குறைவு. மற்ற தவறுகளில் பாதி இந்த ஒரு பழக்கத்திலிருந்துதான் கிளைக்கின்றன என்பது என் எண்ணம்.

95-ஆம் சங்கீதத்தையே எடுத்துக்கொள்வோம். கெம்பீரமாய்ப் பாட வாருங்கள் என்று அழைக்கும் அதன் முதல் ஏழு வசனங்கள் ஆராதனையின் தொடக்கத்துக்கு மிகவும் பிடித்தமானவை. ஆனால் ஏழாம் வசனத்தின் கடைசியிலேயே குரல் மாறிவிடுகிறது. உங்கள் இருதயத்தைக் கடினப்படுத்தாதேயுங்கள் என்று கடவுளே பேசத் தொடங்குகிறார். வனாந்தரத்தில் நாற்பது வருஷம் இஸ்ரவேல் சந்ததியை அரோசித்த, அதாவது வெறுத்த, கதையைச் சொல்லிக் கண்டிப்போடு முடிக்கிறார். பாட வந்தவர்கள் கேட்கவும் வேண்டும் என்பதுதான் அந்தச் சங்கீதத்தின் போக்கு. பாதியில் நிறுத்தினால் அழைப்பு மட்டும் மிஞ்சும், அழைத்தவர் சொல்ல வந்தது காணாமல் போகும்.

46-ஆம் சங்கீதத்தின் பத்தாம் வசனமும் அப்படித்தான். “நீங்கள் அமர்ந்திருந்து, நானே தேவனென்று அறிந்துகொள்ளுங்கள்” என்பதைக் கண்மூடி அமைதியாக உட்காரச் சொல்லும் வரியாக மெல்லிசையில் பாடுகிறோம். அதற்கு முந்தைய வசனத்தில் வில் ஒடிகிறது, ஈட்டி முறிகிறது, இரதங்கள் எரிகின்றன. போரிட்டுக்கொண்டிருக்கும் தேசங்களுக்கும் சேர்த்துச் சொல்லப்படும் கட்டளை அது. தனிமையில் அதைத் தியானிக்கக் கூடாது என்பதல்ல. ஆனால் அந்த முழக்கம் காதில் விழாமல் தியானித்தால் வசனத்தின் பாதி பலம் போய்விடும்.

அடுத்தது, புலம்பலை ஒதுக்குவது. மொத்தமுள்ள 150 சங்கீதங்களில் புலம்பல் வகையைச் சேர்ந்தவைதான் அதிகம். நம் பாடல் பட்டியலிலோ துதிதான் நிரம்பி வழிகிறது. “கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்” என்று தொடங்கும் 13-ஆம் சங்கீதத்தைச் சபையாகச் சேர்ந்து பாடிய அனுபவம் எத்தனை பேருக்கு இருக்கும்? கடவுளிடம் முறையிடுவது அவிசுவாசம் என்ற பயம் இதன் பின்னால் இருக்கிறது. இயேசுவே சிலுவையில் 22-ஆம் சங்கீதத்தின் முதல் வரியைத்தான் வாய்விட்டுச் சொன்னார். அந்தச் சங்கீதம் கைவிடப்பட்டவனின் கதறலில் தொடங்கி, பூமியின் எல்லைகளெல்லாம் கர்த்தரிடத்தில் திரும்பும் என்ற இடம் வரை போகிறது. கதறலைத் தவிர்த்துவிட்டு முடிவுக்குத் தாவினால் அந்த நம்பிக்கை எங்கிருந்து பிறந்தது என்றே தெரியாது. அதே சமயம், எல்லாப் புலம்பலும் துதியில் முடியும் என்றும் நினைக்க வேண்டாம். 88-ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது. அதன் வாலில் ஒரு அல்லேலூயாப் பல்லவியை ஒட்டவைக்கும் ஆசை பாடகர் குழுக்களுக்கு வரும். ஒட்டாதீர்கள். துக்கத்தோடு வந்து உட்கார்ந்திருப்பவருக்கு அது ஆறுதலாக இருக்காது, அவசரமாகத்தான் தெரியும்.

சபிக்கும் வரிகள்தான் இன்னும் சங்கடமானவை. 1971-ல் வெளிவந்த கத்தோலிக்கத் திருப்புகழ்மாலையே (நாளின் வேளைகளுக்கான ஜெப நூல்) 58, 83, 109 ஆகிய மூன்று சங்கீதங்களை முழுவதுமாக விட்டுவிட்டது. வேறு சிலவற்றில் சில வசனங்களை மட்டும் நீக்கியது. பொதுவழிபாட்டில் எதைப் பாடுவது என்பதில் நிதானம் தேவைதான். ஆனால் தனித் தியானத்திலும் அவற்றைத் தாண்டிப் போவது நஷ்டம். 139-ஆம் சங்கீதத்தில் 18 வசனங்கள் வரை அழகாகப் பாடிவிட்டு, துன்மார்க்கரைப் பற்றிய கோபம் வந்ததும் நிறுத்திவிடுகிறோம். அந்தக் கோபத்தை அடுத்துத்தான் “தேவனே, என்னை ஆராய்ந்து” என்ற கடைசி விண்ணப்பம் வருகிறது. எதிரியைத் தண்டிக்கக் கேட்ட அதே மூச்சில், தன்னையும் சோதிக்கச் சொல்கிறான் சங்கீதக்காரன். நடுவில் உள்ளதை எடுத்துவிட்டால் அந்த விண்ணப்பம் வெறும் பணிவான வார்த்தையாகச் சுருங்கிவிடும். பழிவாங்கும் வேலையைத் தன் கையில் எடுக்காமல் கடவுளிடம் விட்டுவிடுகிறான் என்பதையும் கவனித்துப் படிக்க வேண்டும். அந்த வரிகளை நமக்குப் பிடிக்காத மனிதர்மீது ஏவிவிட்டால் விபரீதம்தான்.

சரி, பாடும் முறைக்கு வருவோம். சங்கீத வசனம் பெரும்பாலும் இரண்டு பாதியாக இருக்கும். முதல் பாதி சொன்னதை இரண்டாம் பாதி வேறு விதமாகச் சொல்லும், நீட்டும், அல்லது எதிர்த்து நிற்கும். அதனால்தான் இராகமிட்டு ஓதும் பழைய மரபில் நடுவே ஒரு நட்சத்திரக் குறி போட்டு, அங்கே மூச்சு நிறுத்துகிறார்கள். அந்த இடைவெளியை விழுங்கிவிட்டு ஒரே ஓட்டமாக ஓதினால் சொன்னதையே திருப்பிச் சொல்வதுபோல்தான் கேட்கும். இரண்டு பக்கமாகப் பிரிந்து மாறி மாறிப் பாடும்போது, எதிர்ப்பக்கம் முடிக்கும் முன்பே இந்தப் பக்கம் தொடங்குவதும் அதே அவசரம்தான்.

சங்கீதம் பாடகர் குழுவின் சொத்து என்று விட்டுவிடுவது வேறொரு தவறு. ஜெனீவாவில் 1562-க்குள் 150 சங்கீதங்களையும் செய்யுளாக்கி மெட்டமைத்ததன் நோக்கமே, சாதாரண மக்கள் தங்கள் மொழியில், ஒரே குரலில் பாட வேண்டும் என்பதுதான். சுருதியைப் பாடகரின் குரலுக்கு ஏற்ப உயர்த்திவிட்டால் சபை வாயை மூடிக்கொள்ளும். மெட்டு கடினமாக இருந்தால் பல்லவியை மட்டும் சபைக்குக் கொடுங்கள். 136-ஆம் சங்கீதம் அதற்கென்றே அமைந்தது. “அவர் கிருபை என்றுமுள்ளது” என்ற வரி 26 வசனங்களிலும் வருகிறது. அப்புறம், பொருளைப் பார்க்காமல் மெட்டைத் தேர்வு செய்வது: பாவ அறிக்கையான 51-ஐக் கைதட்டுப் பாட்டாக்கினால் வார்த்தை ஒரு பக்கமும் தாளம் ஒரு பக்கமும் இழுக்கும்.

தியானத்தில் பொதுவாக நடப்பது, இன்றைக்கு எனக்கான வாக்குத்தத்தம் எது என்று தேடி ஓடுவது. 91-ஆம் சங்கீதத்திலிருந்து பொருத்தமான ஒரு வாக்குறுதியை உருவி எடுத்து இயேசுவிடம் நீட்டியவன் யார் என்று மத்தேயு நான்காம் அதிகாரத்தில் பாருங்கள். வசனம் சரியாகத்தான் இருந்தது. பயன்படுத்திய விதம்தான் சோதனையாக மாறியது.

அதைவிட, யார் யாரிடம் பேசுகிறார் என்று கவனித்தாலே நிறையக் கிடைக்கும். மனப்பாடமாகிப்போன 23-ஆம் சங்கீதத்தில் முதல் மூன்று வசனங்கள் கடவுளைப் பற்றி “அவர்” என்று பேசுகின்றன. மரண இருளின் பள்ளத்தாக்கு வந்ததும் அது “தேவரீர்” என்று மாறிவிடுகிறது. அதுவரை அவரைப் பற்றிப் பேசியவன் இப்போது அவரோடு பேசுகிறான். 51-இல் “என் பாவம்” என்று தொடங்கியவன் கடைசியில் எருசலேமின் மதில்களுக்காக வேண்டுகிறான். நமக்குப் பொருந்தாத சங்கீதம் வரும் நாளிலும் இந்தக் கவனம் உதவும். மகிழ்ச்சியாக இருக்கும் காலையில் புலம்பல் வந்தால், புலம்புகிற வேறு யாருக்காகவோ அதை வாசிக்கலாம்.

ஆராதனை நடத்துகிறவர்களுக்குச் சின்னதாக ஒன்று. எல்லா நூல்களிலும் எண் ஒன்றாக இருக்காது. பழைய கிரேக்க, லத்தீன் மரபில் 9-ஆம் 10-ஆம் சங்கீதங்கள் ஒன்றாக எண்ணப்பட்டதால் அதற்கடுத்தவற்றில் பெரும்பாலானவை ஒரு எண் பின்தங்கும். 23 அங்கே 22. சில வேதாகமங்களில் தலைப்பும் முதல் வசனமாக எண்ணப்படும். ஆகவே தாளில் எண்ணோடு முதல் வரியையும் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.