விண்டோஸ் 7 கணினியில் பழைய நிரலும் புதிய மென்பொருளும் சேர்ந்து இயங்க: ஒரு செய்முறை விளக்கம்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் நான் பராமரித்து வரும் தோட்டக் கோயில் அலுவலகக் கணினியில், ரசீது அடிப்பதற்கும் ஆண்டுக் கணக்கு எடுப்பதற்கும் இன்றும் விண்டோஸுக்கு முந்திய டாஸ் காலத்து நிரல் ஒன்றே பயன்படுகிறது. அது 16 பிட் நிரல் என்பதால் 64 பிட் விண்டோஸ் எதிலும் நேரடியாக ஓடாது. ஆகவே அந்தக் கணினி 32 பிட் விண்டோஸ் 7-இலேயே இருந்தாக வேண்டும். டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரையும் மாற்ற இயலாது. ஒரே அடியில் வெள்ளைத் தாள் பக்தருக்கும், மஞ்சள் தாள் பொருளாளருக்கும், இளஞ்சிவப்புத் தாள் ரசீதுப் புத்தகத்துக்கும் வர வேண்டுமானால், ஊசி அழுத்தி அடிக்கும் பிரிண்டரால் மட்டுமே அது முடியும்.

விண்டோஸ் 7-க்கான பொது ஆதரவை மைக்ரோசாப்ட் 2020 ஜனவரி 14-இல் நிறுத்திவிட்டது. ஆனால் அதே கணினியில் பிடிஎப் திறக்க வேண்டும், கடிதம் எழுத வேண்டும், எப்போதாவது இணையப் பக்கம் ஒன்றையும் பார்க்க வேண்டும். இவையெல்லாம் இயங்க மறுப்பதற்குக் கணினியின் வயது காரணமன்று. தேவையான சில துணைக் கோப்புகள் இல்லாததும், இருப்பவை வரிசை மாறிப் பதிக்கப்பட்டதுமே பெரும்பாலும் காரணம்.

முதலில் நகல் எடுங்கள்

எதையும் தொடுவதற்கு முன், குளோன்சில்லா என்ற வட்டு நகலெடுக்கும் மென்பொருளைப் பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்து கணினியைத் தொடக்கி, முழு ஹார்ட் டிஸ்க்கையும் வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் படிமமாகச் சேமித்துவிடுங்கள். கணக்குக் கோப்புறையை மட்டும் நகலெடுத்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். நிரலை நிறுவிய பிளாப்பி வட்டுகள் எங்கே என்று யாருக்கும் தெரியாத நிலையில், அந்த நகலால் பயனில்லை. மாலை இடிமழை வழக்கமான நம் ஊர்களில் இந்தப் படியைத் தவிர்க்கவே கூடாது.

தேதியைப் பாருங்கள்

திரையின் வலது கீழ் மூலையில் ஆண்டு சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். மதர்போர்டிலுள்ள சிஆர் 2032 பேட்டரி தீர்ந்திருந்தால், மின்சாரம் நின்று வரும்போதெல்லாம் தேதி பல ஆண்டுகள் பின்னுக்குப் போய்விடும். உடனே எல்லா இணையத்தளங்களும் பாதுகாப்புச் சான்றிதழ் பிழை காட்டும். பேட்டரி கைக்கடிகாரக் கடையிலேயே கிடைக்கும். ஆனால் அதைக் கழற்றுவதற்கு முன் பயாஸுக்குள் (விண்டோஸ் தொடங்கும் முன் திறக்கும் அடிப்படை அமைப்புத் திரை) சென்று, சாட்டா முறை, அதாவது ஹார்ட் டிஸ்க் இணையும் முறை, ஐடிஇயா ஏஎச்சிஐயா என்பதைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பேட்டரியை எடுத்ததும் அந்த அமைப்பு மாறிவிடக்கூடும். மாறினால் விண்டோஸ் தொடங்கும்போதே 7பி என்ற எண்ணுடன் நீலத்திரை வந்து நிற்கும். பழைய அமைப்பைத் திரும்ப வைத்தால் சரியாகிவிடும்.

புதுப்பிப்புகள், இந்த வரிசையில்

சர்வீஸ் பேக் 1 ஏற்கெனவே இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன். கேபி என்று தொடங்குவது ஒவ்வொரு புதுப்பிப்புக்கும் மைக்ரோசாப்ட் தரும் எண். அடுத்து கேபி 4490628, அதன்பின் கேபி 4474419, கடைசியாக கேபி 2999226. முதலாவது, புதுப்பிப்புகளைப் பதிக்கும் பொறியையே புதுப்பிக்கிறது. இரண்டாவது, எஸ்எச்ஏ-2 முறையில் கையொப்பமிட்ட கோப்புகளை விண்டோஸ் நம்புவதற்கு வழி செய்கிறது. 2019 ஆகஸ்ட்டுக்குப் பிறகு வந்த விண்டோஸ் 7 புதுப்பிப்புகள் இது இல்லாமல் பதியமாட்டா. மூன்றாவதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

இவற்றை மைக்ரோசாப்ட் அப்டேட் கேட்டலாக் என்ற இணையத்தளத்திலிருந்தே எடுங்கள். பழைய எஸ்எச்ஏ-1 முறையில் கையொப்பமிட்ட கோப்புகளை நிறுவனம் 2020 ஆகஸ்ட்டில் டவுன்லோட் சென்டரிலிருந்து நீக்கிவிட்டதால், பழைய கட்டுரைகளில் உள்ள இணைப்புகள் பலவும் திறக்கா. வேறொரு கணினியில் பதிவிறக்கி, பென்டிரைவில் கொண்டு வருவதே நல்லது.

என் வேலை நின்றுபோனது அடுத்த இடத்தில்தான். கோப்பை இருமுறை சொடுக்கியதும், புதுப்பிப்புகளைத் தேடுவதாக ஒரு சிறு பெட்டி தோன்றும். அதிலுள்ள பச்சைப் பட்டை இடமிருந்து வலமாக ஓடிக்கொண்டே இருக்கும். மணிக்கணக்கில் காத்திருந்தாலும் அடுத்த கட்டத்துக்குப் போகாது. கோப்பில் குறை எதுவும் இல்லை. பின்னணியில் விண்டோஸ் அப்டேட் தன் சொந்தத் தேடலில் மூழ்கியிருக்கும். உங்கள் கோப்பு அதற்குப் பின்னால் வரிசையில் காத்திருக்கும். கண்ட்ரோல் பேனலில் விண்டோஸ் அப்டேட் அமைப்புக்குச் சென்று, புதுப்பிப்புகளை ஒருபோதும் தேட வேண்டாம் என்ற தெரிவை வையுங்கள். நெட்வொர்க் கேபிளைக் கழற்றுங்கள். கணினியை மறுதொடக்கம் செய்து, வேறெதையும் திறக்காமல் கோப்பைச் சொடுக்குங்கள். அப்போதும் நின்றால், சர்வீசஸ் பட்டியலில் விண்டோஸ் அப்டேட் சேவையை நிறுத்திவிட்டு உடனே மீண்டும் சொடுக்குங்கள். சில நிமிடங்களில் பதிந்துவிடும். ஒவ்வொரு கோப்புக்குப் பிறகும் மறுதொடக்கம் அவசியம்.

டிஎல்எல் காணவில்லை என்ற செய்தி

சற்றே புதிய மென்பொருளைத் திறந்தால், ஏபிஐ-எம்எஸ்-வின்-சிஆர்டி என்று தொடங்கும் நீண்ட பெயருள்ள டிஎல்எல் (பல மென்பொருள்கள் பகிர்ந்து பயன்படுத்தும் துணைக் கோப்பு) காணவில்லை என்று ஒரு பெட்டி வரும். அந்தப் பெயரைத் தேடினால், டிஎல்எல் கோப்புகளைத் தனித்தனியாக இலவசமாகத் தரும் தளங்கள் முன்னால் வந்து நிற்கும். அவற்றிலிருந்து எதையும் எடுக்காதீர்கள். அந்தக் கோப்பு யார் கையிலிருந்து வருகிறது என்று அறிய வழியில்லை. ஒன்றைப் போட்டால் அடுத்தது காணவில்லை என்றும் வரும். விண்டோஸ் 10-இல் இயல்பாகவே இருக்கும் அந்தத் தொகுப்பை விண்டோஸ் 7-க்குக் கொண்டு வருவதுதான் மேலே சொன்ன கேபி 2999226. அது பதிந்த பின்னரே விஷுவல் சி++ 2015–2022 என்ற மைக்ரோசாப்ட் துணைத் தொகுப்பை நிறுவுங்கள். முன்னதாக நிறுவ முயன்றால் 0எக்ஸ்80240017 என்ற பிழையுடன் நின்றுவிடக்கூடும்.

உலாவி

குரோமில் விண்டோஸ் 7-க்கு வந்த கடைசிப் பதிப்பு 109. 2023 தொடக்கத்தோடு அது முடிந்துவிட்டது. நான் பரிந்துரைப்பது பயர்பாக்ஸ் 115 இஎஸ்ஆர் (நீண்டகால ஆதரவுப் பதிப்பு). குரோம் முடிந்த பிறகும் சில ஆண்டுகள் பயர்பாக்ஸ் 115-க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வந்தன. சான்றிதழ்களுக்கு விண்டோஸை நம்பியிராமல் தன் பட்டியலையே அது வைத்திருப்பதும் பழைய கணினிக்குப் பெரிய உதவி. 115.13 அல்லது அதற்குப் பிந்திய பதிப்பாக இருக்கட்டும். அதற்கு முந்தியவற்றில் இருந்த மூலச் சான்றிதழ் 2025 மார்ச் 14-இல் காலாவதியானதால் நீட்சிகள் வேலை செய்யாமல் போகலாம். எந்த உலாவியானாலும், கோயிலின் வங்கிக் கணக்கை இந்தக் கணினியில் திறக்கவே வேண்டாம். அதற்குப் பொருளாளரின் கைப்பேசி இருக்கிறது. தேவையில்லாத நேரத்தில் கேபிள் கழன்றே இருக்கட்டும்.

டாஸ் நிரல்

முழுத்திரைக்கு ஆதரவில்லை என்று விண்டோஸ் சொன்னால், குறுக்குவழியின் பண்புகளில் முழுத்திரை என்பதற்குப் பதிலாகச் சாளரம் என்று மாற்றிப் பாருங்கள். கணினியே பழுதாகிவிட்டால், புதிய கணினியில் டாஸ் சூழலை உருவாக்கித் தரும் டாஸ்பாக்ஸ்-எக்ஸ் மென்பொருளை வைத்து இந்த நிரலை ஓட்டலாம். சாதாரண டாஸ்பாக்ஸில் இல்லாத பிரிண்டர் வசதி அதில் உண்டு.

பின்சேர்க்கை

இதைப் படித்த ஒருவர், புதுப்பிப்பு தம் கணினிக்குப் பொருந்தாது என்று செய்தி வருவதாக எழுதியிருந்தார். அவர் 32 பிட் கணினிக்கு எக்ஸ்64 கோப்பை இறக்கியிருந்தார். கேட்டலாக்கில் ஒரே எண்ணின் கீழ் இரண்டும் இருக்கும். 32 பிட்டுக்கு எக்ஸ்86 என்றோ, பிட் எண்ணே குறிப்பிடாமலோ இருப்பதை எடுங்கள்.

பீடோரிலிருந்து ஓர் அண்ணன் கேட்டது இன்னும் முக்கியமானது. அவர் பிரிண்டர் யுஎஸ்பியில் இணைந்திருக்கிறது. டாஸ் நிரலோ எல்பிடி1 என்ற பழைய பிரிண்டர் இணைப்பு வழியாக மட்டுமே அச்சிடும். இதற்குப் பிரிண்டரைப் பகிர்ந்துவிட்டு, நெட் யூஸ் கட்டளையால் எல்பிடி1-ஐ அந்தப் பகிர்வுப் பெயருடன் இணைப்பது வழக்கம். அப்படிச் செய்தும், நான் சொன்னபடி கேபிளைக் கழற்றியதும் அச்சு நின்றுவிட்டது என்றார். வலைத் தொடர்பு எதுவும் இல்லாதபோது, தன் பெயரிலுள்ள பகிர்வையே விண்டோஸால் அடைய முடிவதில்லை. டிவைஸ் மேனேஜரில் பழைய வன்பொருளைச் சேர்க்கும் தெரிவின் வழியே, நெட்வொர்க் அடாப்டர்கள் பட்டியலில் மைக்ரோசாப்ட் என்பதன் கீழுள்ள லூப்பேக் அடாப்டரை (கேபிள் இல்லாமலேயே வலைத் தொடர்பு இருப்பதுபோல் காட்டும் மென்பொருள் அடாப்டர்) நிறுவி, அதில் கோப்பு–பிரிண்டர் பகிர்வு இயங்குகிறதா என்று உறுதி செய்துகொண்டு, நெட் யூஸ் கட்டளையை மறுபடி கொடுங்கள். அவர் அப்படியே செய்தார். கேபிள் இல்லாமலேயே மூன்று தாள்களும் இப்போது வருகின்றன.