பட்டறைக்கு வரும் பிளஸ் டூ பையன் உங்கள் பாலிசியில் இருக்கிறானா?

கோவையில் லேத் பட்டறை வைத்திருக்கும் என் வாடிக்கையாளர் ஒரு மதியம் போன் செய்தார். "ஸ்கூல்ல இருந்து டிரெய்னிங் வந்த பையனுக்கு இரும்புச் சுருள் உள்ளங்கையைக் கிழிச்சிருச்சுங்க. ஆறு தையல். நம்ம பாலிசியில கிளைம் வருமுங்களா?"

அவருடைய தொழிலாளர் இழப்பீட்டு பாலிசியை எடுத்துப் பார்த்தேன். டர்னர் 3 பேர், ஹெல்பர் 2 பேர், ஆண்டுச் சம்பளம் இவ்வளவு என்று அட்டவணை. அதில் பையன் எங்கே இருப்பான்?

மேல்நிலைத் தொழிற்கல்விப் பிரிவில் இயந்திரவியலோ ஆடை வடிவமைப்போ படிக்கும் 16, 17 வயதுப் பிள்ளைகள் பட்டறைகளுக்கும் கம்பெனிகளுக்கும் பயிற்சிக்குப் போவது நல்ல விஷயம்தான். ஆனால் தொழிலாளர் இழப்பீட்டு பாலிசி என்பது கூரைக்குக் கீழே நிற்கும் எல்லோரையும் மூடும் குடை இல்லை. நீங்கள் எழுதிக்கொடுத்த ஆட்கள், சம்பளம் இரண்டையும் வைத்துத்தான் அதன் பிரீமியம். சம்பளமே வாங்காத மாணவன் அந்தக் கணக்கில் வரமாட்டான். இ.எஸ்.ஐ. என்ற அரசின் தொழிலாளர் காப்பீடும் அப்படித்தான். 'அப்ரண்டிஸ் மாதிரிதானே' என்பார்கள். 1961-ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டப்படி ஒப்பந்தம் போட்டு எடுத்தவருக்கு வேலையில் அடிபட்டால் முதலாளி இழப்பீடு தர வேண்டும் என்று அந்தச் சட்டமே சொல்கிறது. பள்ளி அனுப்பிய பையனை நாம் அப்ரண்டிஸ் என்று கூப்பிடுவதால் மட்டும் அவன் அந்தச் சட்டத்துக்குள் வந்துவிட மாட்டான்.

பாலிசியில் பெயர் இல்லை என்றால் முதலாளிக்குப் பொறுப்பும் இல்லை என்று நினைப்பது இதைவிடப் பெரிய தவறு. பாதுகாப்பு மூடி இல்லாத மெஷின் முன்னால் பையனை நிறுத்தியது உங்கள் அலட்சியம் என்று நிரூபணமானால், நஷ்டஈடு உங்கள் பையிலிருந்துதான் போகும்.

"பள்ளியில் போட்டிருப்பார்கள்" என்று முதலாளி நம்புவார். "கம்பெனியில் இருக்கும்" என்று ஆசிரியர் நம்புவார். பள்ளியின் குழு விபத்துக் காப்பீடு இருந்தால் அதை வாங்கிப் படியுங்கள். வளாகத்துக்கு வெளியே செல்லுமா? மருத்துவச் செலவு உண்டா, இல்லை மரணத்துக்கும் நிரந்தர ஊனத்துக்கும் மட்டும்தானா? பயிற்சித் தேதிகள், மாணவர் பெயர்கள், பட்டறை முகவரி மூன்றையும் சேர்த்து எண்டார்ஸ்மென்ட் (பாலிசியோடு இணைக்கும் எழுத்துத் திருத்தம்) வாங்கிவிட்டால் பாதித் தலைவலி போய்விடும்.

வங்கியில் வருடம் 20 ரூபாய் பிடிக்கும் சுரக்ஷா பீமா விபத்துக் காப்பீட்டை நம்பும் பெற்றோரும் உண்டு. அது 18 வயது நிரம்பியவர்களுக்கு. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை மருத்துவமனைச் சிகிச்சைக்கு உதவும். போன விரலுக்கு இழப்பீடு தராது.

அப்புறம் அந்தக் கடிதம். "எது நடந்தாலும் கம்பெனி பொறுப்பல்ல" என்று அப்பாவிடம் கையெழுத்து வாங்கிப் பீரோவில் பூட்டி வைப்பார்கள். 18 வயது ஆகாதவர் போடும் ஒப்பந்தம் செல்லாது என்பது பழைய சட்டம். அப்பா போட்ட கையெழுத்தும் உங்கள் அலட்சியத்தைக் கழுவிவிடாது. அவசரத் தொடர்புக்கு அவருடைய போன் எண்ணாவது அதில் இருக்கிறதே, அந்த மட்டில் லாபம்.

நான் அதிகம் பயப்படுவது மெஷினைப் பார்த்து இல்லை, வாசலில் சாவியோடு நிற்கும் ஸ்கூட்டரைப் பார்த்து. "தம்பி, ஓடிப்போய் ரெண்டு பேரிங் வாங்கிட்டு வா" என்பார் மேஸ்திரி. உரிமம் இல்லாத 17 வயதுப் பையன் அதில் போய் யாரையாவது இடித்தால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பின் வண்டி உரிமையாளருக்கு 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவும் 12 மாதம் ரத்து. வண்டி இன்சூரன்ஸும் தகராறில் சிக்கும்.

சரி, ஆறு தையல் விஷயத்துக்கு வருகிறேன். பள்ளி பாலிசியில் மருத்துவச் செலவு இருந்தது. பயிற்சி இடமும் சேர்த்திருந்தார்கள். ஆனால் பையனைக் கூட்டிப்போனவர்கள் போலீஸ், கேஸ் என்று பயந்து, மருத்துவமனையில் "வீட்டில் வழுக்கி விழுந்தான்" என்று சொல்லிவிட்டிருந்தார்கள். ஏ.ஆர். காப்பியிலும் (மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகல்) அப்படியே பதிவாகியிருந்தது. வீட்டில் நடந்த விபத்துக்கு அந்த பாலிசியில் இடமில்லை. பில்லை முதலாளிதான் கட்டினார்.